வறுமை விழுக்காட்டோடு அதன் அளவுகோலையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் ஒரு மாத இடைவெளியில் வெளிவந்த இரண்டு செய்திகள் இக்கடிதத்தை எழுதத் தூண்டின. வறுமை பெருமளவு குறைந்துவிட்டது என்று ஓர் அரசு ஆய்வை மேற்கோள் காட்டி முதற்செய்தி சொன்னது. குடும்பங்களின் வருமானம் ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கிறது என்று வேறோர் அரசு ஆய்வைக் காட்டி இரண்டாவது செய்தி சொன்னது. தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களில் பாதி முதல் எண்ணைப் பொய் என்றன, மீதி இரண்டாவதைப் பொய் என்றன. இரண்டுமே மெய்யாக இருக்க முடியும் என்பதுதான் நான் சொல்ல வருவது. முதல் ஆய்வு குடும்பங்கள் செலவழித்ததை அளந்தது. இரண்டாவது ஆய்வு குடும்பங்கள் ஈட்டியதை அளந்தது. அந்த ஒரு வரி இரு செய்திகளிலும் இல்லை.

நான் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அரசு நிறுவனங்கள் வெளியிடும் குடும்ப ஆய்வுகளின் மூலத் தரவுகளோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவன் என்பதால், ஒரு சிறு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். மாணவர் ஒருவர் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வருமான வரிசையில் அடுக்கி, மிக ஏழையான குடும்பம் எது என்று பார்த்தார். பட்டியலின் முதல் வரியில் நின்ற குடும்பத்தின் ஆண்டு வருமானத்துக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தது. அதே வரியில், செலவுக்கான பத்தியில் இருந்த தொகையோ வசதியான குடும்பங்களுக்கு உரியது. தட்டச்சுப் பிழை என்று முடிவுகட்டி அந்த வரியை அழிக்கப் போனவரைத் தடுத்து, தொழில் என்ற பத்தியைப் பார்க்கச் சொன்னேன். சொந்தத் தொழில், அந்த ஆண்டு நட்டம், சேமிப்பிலிருந்து குடும்பம் நடந்திருக்கிறது. வருமானத்தை வைத்து அளந்தால் நாட்டிலேயே மிக ஏழையான இந்தக் குடும்பம், செலவை வைத்து அளந்தால் ஏழைகள் பட்டியலிலேயே வராது. இத்தகைய எதிர்மறை வருமானங்களைப் பிரிட்டனின் அதிகாரபூர்வ வருமான அறிக்கை பூஜ்யமாக மாற்றிக்கொண்டுதான் கணக்கிடுகிறது. அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. ஆனால், அது யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் வருமானத்தை வைத்து வறுமையை அளக்கின்றன. இந்தியா உள்ளிட்ட பல நாடுகள் நுகர்வுச் செலவை வைத்து அளக்கின்றன. விவசாயமும் சிறு தொழிலும் மிகுந்த நாட்டில், மாதச் சம்பளம் என்ற ஒன்றே இல்லாதவரிடம் போய் வருமானம் என்ன என்று கேட்டால் நேர்மையான பதிலே கிடைக்காது என்பதற்கு அவர் பொய் சொல்வது காரணமில்லை. அவருக்கே அது தெரியாது. என்ன வாங்கினீர்கள், எவ்வளவு உண்டீர்கள் என்று கேட்டால் யோசித்துச் சொல்லிவிடுவார். அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. எத்தனை நாள் கணக்கை யோசித்துச் சொல்லச் சொல்கிறோம்?

இது அற்பக் கேள்வி போலத் தோன்றும். வினாத்தாளோடு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கடந்த முப்பது நாட்களில் எவ்வளவு எண்ணெய் செலவானது என்று கேட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். பதில் சொல்பவர் கண்ணை மூடி, போன முறை வாங்கிய நாளை நினைவுபடுத்தி, நடுவில் உறவினர் வந்து தங்கிய வாரத்தைக் கூட்டிக் கழித்து, ஒரு வட்ட எண்ணைச் சொல்வார். அதே கேள்வியைக் கடந்த ஏழு நாட்களுக்குக் கேட்டால் நினைவு பசுமையாக இருப்பதால், மாதக் கணக்குக்கு மாற்றிப் பார்க்கும்போது தொகை கூடுதலாகவே வரும். 1950இல் புள்ளியியலாளர் மகாலனோபிஸின் முயற்சியால் தொடங்கிய இந்திய தேசிய மாதிரி ஆய்வு, நெடுங்காலம் முப்பது நாள் கணக்கையே கேட்டு வந்தது. 1990களின் பிற்பகுதியில் அது ஒரு சோதனை நடத்தியது. மாதிரிக் குடும்பங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் பழைய முறையிலும், மறுபாதியிடம் உணவுக்கு ஏழு நாள் என்றும், துணிமணி போன்ற அரிதாக வாங்கும் பொருட்களுக்கு ஓராண்டு என்றும் கேட்டார்கள். குடும்பங்களில் வேறுபாடு இல்லை, காலமும் ஒன்றே. ஆயினும் புதிய முறையில் கணக்கிட்ட வறுமை விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஒரு குடும்பத்துக்குக்கூட ஒரு காசு கூடுதலாகக் கிடைக்காமலேயே கோடிக்கணக்கானோர் வறுமைக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள்.

அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. 1999-2000 ஆய்வில், பழைய முறையை விரும்பியவர்கள், புதிய முறையை விரும்பியவர்கள் என்ற இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்தும் எண்ணத்திலோ என்னவோ, உணவுப் பொருட்களுக்கு ஏழு நாள் பத்தியையும் முப்பது நாள் பத்தியையும் ஒரே தாளில் அருகருகே வைத்துவிட்டார்கள். பக்கத்தில் இன்னொரு எண் இருந்தால் யாராக இருந்தாலும் இரண்டையும் பொருத்தப் பார்ப்பார்கள் அல்லவா? ஏழு நாள் கணக்கு முப்பது நாள் கணக்கை மேலே இழுத்திருக்கும் என்று பலர் கருதினார்கள். 1993-94இல் 36 விழுக்காடாக இருந்த அதிகாரபூர்வ வறுமை விகிதம் 1999-2000இல் 26 விழுக்காடாகக் குறைந்ததாக அறிவிக்கப்பட்டபோது, அதில் எவ்வளவு உண்மையான முன்னேற்றம், எவ்வளவு வினாத்தாளின் கைங்கரியம் என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பின்னாளில், 2015இல், பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் அந்த விவாதத்தில் முக்கியப் பங்காற்றியவர். எண்களைப் புறந்தள்ளாமல், வினாத்தாள் மாற்றத்தால் பாதிக்கப்படாத பொருட்களின் செலவைத் தனியே எடுத்து, அதிலிருந்து மொத்தத்தை மதிப்பிட அவர் கையாண்ட வழியை என் வகுப்புகளில் சலிக்காமல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 2022-23 ஆய்வில் பொருட்களுக்கேற்ப ஏழு, முப்பது, முந்நூற்று அறுபத்தைந்து நாட்கள் என்று கலந்து கேட்டதோடு, ஒரே குடும்பத்தை மூன்று முறை சென்று பார்த்தும் தகவல் திரட்டினார்கள். முறை மேம்பட்டதை வரவேற்கிறேன். ஆனால், அதற்கு முந்தைய ஆய்வுகளோடு அதை அப்படியே ஒப்பிட்டுத் தலைப்பு போடுவதற்கு முன் கொஞ்சம் தயங்க வேண்டும்.

எதைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதும் இதே அளவுக்கு முடிவைப் புரட்டிப்போடும். அமெரிக்காவின் அதிகாரபூர்வ வறுமைக்கோடு 1960களில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணியாற்றிய மோலி ஒர்ஷான்ஸ்கி வகுத்தது. 1955ஆம் ஆண்டு உணவு நுகர்வு ஆய்வில் குடும்பங்கள் தம் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டது தெரியவந்ததால், சிக்கனமான உணவுத் திட்டத்தின் செலவை மூன்றால் பெருக்கினார். இன்றும் அந்தக் கோடு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்படுகிறதே தவிர, அடிப்படை அப்படியே இருக்கிறது. வரிக்கு முந்தைய ரொக்க வருமானத்தை மட்டுமே அது பார்க்கும். வரிச்சலுகையாகத் திரும்பி வரும் பணமும் உணவு உதவியும் அதன் கண்ணில் படா. இவற்றையும் சேர்த்துக்கொள்ளும் துணை அளவுகோல் ஒன்று 2011 முதல் தனியே வெளியிடப்படுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் விரிவாக்கப்பட்ட குழந்தைகளுக்கான வரிச்சலுகை முடிவுக்கு வந்தபோது, துணை அளவுகோலின்படி குழந்தை வறுமை 2021இல் 5.2 விழுக்காட்டிலிருந்து 2022இல் 12.4 விழுக்காடாகத் தாவியது. அதே இரண்டு ஆண்டுகளில் அதிகாரபூர்வ அளவுகோல் காட்டியது 15.3, பிறகு 15.0. ஓர் அரசு, ஒரே குழந்தைகள். ஒரு கணக்கு இருமடங்குக்கு மேல் உயர்ந்தது, மற்றது லேசாக இறங்கவும் செய்தது. நலத்திட்டம் ஒன்று பலன் தந்ததா என்று அறிய விரும்புபவர் அந்தத் திட்டத்தின் பணத்தையே பார்க்காத அளவுகோலை எடுத்துக்கொண்டால், திட்டத்தால் ஒன்றும் விளையவில்லை என்ற முடிவுக்குத்தான் வருவார். நலத்திட்டங்களைப் பற்றிய கட்டுரைகளில் நான் அடிக்கடி காணும் பிழை இது.

வறுமைக்கோட்டை எங்கே கிழிப்பது என்பதைப் பற்றிப் போதிய சச்சரவு ஏற்கெனவே நடந்திருப்பதால் விரிவாகச் சொல்லப் போவதில்லை. இந்தியாவில் 2011-12ஆம் ஆண்டுக்கு டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 21.9 விழுக்காடும், ரங்கராஜன் குழுவின் முறைப்படி 29.5 விழுக்காடும் ஏழைகள். உலக வங்கி 2025 ஜூனில் தன் கடுமையான வறுமைக்கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியபோது, 2022ஆம் ஆண்டுக்கான உலக ஏழைகளின் எண்ணிக்கை சுமார் 12.5 கோடி கூடியது. ஐரோப்பாவிலோ கோடே நகரும். குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானத்தில் 60 விழுக்காடு என்பது அங்கே வரம்பு. பொருளாதாரம் சரிந்து நடுவில் நிற்பவர் கீழே இறங்கினால் கோடும் கூடவே இறங்கும். பிரிட்டனில் 2010-11இல் எல்லோர் வருமானமும் அடிவாங்கிய வேளையில், இந்த நகரும் கோட்டை வைத்து அளக்கும் சார்பு வறுமை குறைந்தது இப்படித்தான். அதை அரசின் சாதனை என்றோ கணக்கு மோசடி என்றோ எழுதுவது இரண்டும் தவறு.

தலைக்கு எவ்வளவு என்று பங்கிடுவதிலும் ஒரு தீர்மானம் ஒளிந்திருக்கிறது. கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் கொண்ட வீட்டின் வருமானம் 42,000 என்று வைத்துக்கொள்வோம். நான்கால் வகுத்தால் தலைக்கு 10,500. ஐரோப்பிய முறையில் முதல் பெரியவருக்கு 1, அடுத்தவருக்கு 0.5, பதினான்கு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 0.3 என்று கூட்டி, 2.1ஆல் வகுப்பார்கள், 20,000 வரும். முதல் முறையில் பிள்ளைகள் நிறைந்த வீடுகள் ஏழையாகத் தெரியும், இரண்டாவதில் தனியே வாழும் முதியவர் அதிகம் ஏழைகள் கணக்கில் வருவார். வீட்டுக்குள் வந்த பணம் எல்லோருக்கும் ஒரே சீராகப் பங்கிடப்படுகிறது என்ற அனுமானம் இரண்டு முறைகளுக்கும் பொது. அது எவ்வளவு உண்மை என்பதைச் சம்பளக் கவரைக் கண்ணால் காணாத பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

கணக்கெடுப்பாளருக்குக் கதவு திறக்காதவர்களும் உண்டு. வீடே இல்லாதவர்களும் விடுதிகளில் வாழ்பவர்களும் பெரும்பாலான குடும்ப ஆய்வுகளுக்கு வெளியே நிற்கிறார்கள். பெருஞ்செல்வர்கள் பதில் சொல்ல மறுக்கிறார்கள், அல்லது குறைத்துச் சொல்கிறார்கள். இதனால்தான் பிரிட்டன் தன் அறிக்கையில் உச்ச வருமானங்களை வரித்துறைத் தரவுகளைக் கொண்டு திருத்துகிறது. டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து ஆகிய நாடுகள் வருமானத்தைக் கேட்டறியாமல் அரசுப் பதிவேடுகளிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியானால் அரசுப் புள்ளிவிவரம் எதையுமே நம்ப வேண்டாம் என்று யாரேனும் முடிவுக்கு வந்தால், அது நான் சொன்னதற்கு நேர் எதிரானது. 1899இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் சீபோம் ரவுன்ட்ரீ நடத்திய ஆய்வு, மக்களில் 27.84 விழுக்காட்டினர் வறுமையில் இருப்பதாகச் சொன்னது. அதில் 9.91 விழுக்காட்டினரைத்தான் வருமானத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். எஞ்சிய 17.93 விழுக்காட்டினரின் வறுமையை, வீட்டின் நிலையைக் கண்ணால் கண்ட ஆய்வாளர்கள் தீர்மானித்தார்கள். இதை இன்று நம்மால் பிரித்துச் சொல்ல முடிகிறதென்றால், அவர் இரண்டையும் தனித்தனியே எழுதி, எப்படி எண்ணினார் என்பதையும் சொல்லிவைத்ததுதான் காரணம். இன்றைய அரசு ஆய்வுகளும் அவ்வாறே சொல்கின்றன. ஒவ்வோர் அறிக்கையிலும் கருத்துருக்களும் வரையறைகளும் என்றோர் இயல் இருக்கிறது. செய்தியாளர் அதைத் திறந்து பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். வறுமை, குடும்ப வருமானம், நலத்திட்டப் பயன் ஆகியவை குறித்து எந்த விழுக்காட்டை அச்சிட்டாலும், அதன் அடியில் நான்கைந்து வரியில் ஒரு கட்டம் இடுங்கள். அளந்தது வருமானமா செலவா, எத்தனை நாள் கணக்கு, அரசு உதவி சேர்ந்ததா இல்லையா, தலைக்கு எப்படிப் பங்கிட்டார்கள், முந்தைய ஆய்வும் இதே முறையில்தான் நடந்ததா என்பவை மட்டும் அதில் இருந்தால் போதும். கடைசிக் கேள்விக்கு இல்லை என்பது விடையானால், இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் குறைந்தது, கூடியது என்று தலைப்பிடுவதைத் தவிர்த்துவிடுங்கள். இடப் பற்றாக்குறை என்று செய்திப்பிரிவில் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். மேற்சொன்ன இரு செய்திகளுடனும் வெளியான, எதையும் விளக்காத அந்தப் பெரிய வரைபடங்களை ஓர் அங்குலம் சுருக்கினாலே இடம் கிடைத்துவிடும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்