இழுத்தான் என்று எழுதாதே

பாம்பன்
மே 12

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15இல் கட்டிப்போட்ட விசைப்படகுகள் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், கரையை விட்டு நகராது. வல்லங்கள், அதாவது நாட்டுப்படகுகள், மட்டும் போய் வருகின்றன. கச்சான் காற்று தொடங்கிவிட்டதால் தென்கடல் கொந்தளிக்கிறது, வடகடல் குளம் மாதிரி கிடக்கிறது. அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. உன்னைத்தான் அடிக்கடி கேட்கிறது.

சரி, நீ தமிழாக்கும் கதையில் வருகிறதென்று கேட்ட 'ட்ரால்' (drawl) என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு வருகிறேன். இங்கே அதைச் சொன்னால் எல்லாருக்கும் விசைப்படகு இழுத்துப்போகும் வலையான இழுவைமடிதான் (trawl) ஞாபகம் வரும். அது வேறு சொல். 'டாக்டர்' என்பதில் முதலில் வரும் 'ட' நீ கேட்ட சொல்லுக்கு, இரண்டாவது 'ட' மடிக்கு. நீ கேட்ட சொல் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. தாமதித்தல் என்று பொருள்படும் டச்சுச் சொல்லோடு உறவு இருக்கலாம் என்கின்றன அகராதிகள்.

உன் கதையில் அந்த டெக்சாஸ் பண்ணைக்காரன் வாயைத் திறக்கும்போதெல்லாம் இது வருகிறது, 'மெதுவாகச் சொன்னான்' என்று போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறாய். போதாது மாப்ள. வகுப்பில் நானும் பல வருஷம் அப்படித்தான் பொருள் எழுதிப் போட்டேன், இப்போது வருத்தமாக இருக்கிறது. மெதுவாகப் பேசுகிறவன் சொல்லுக்குச் சொல் நிறுத்தலாம், யோசித்து யோசித்துப் பேசலாம். ட்ராலில் நீள்வது உயிரெழுத்து. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் 'பெட்' என்ற ஓரசைச் சொல் 'பே-யட்' என்று விரியும், 'ரைட்' என்பது 'ராட்' ஆகும்.

நமக்கு இது புதிதா என்ன? குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று மாத்திரை அளந்துவிட்டு, பாடும்போதும் கூப்பிடும்போதும் பண்டம் மாற்றும்போதும் அந்த அளவு மீறும் என்று நன்னூலில் சொல்லியிருக்கிறதே. காலையில் கூடைக்காரம்மா 'சூட மீனேஏஏ' என்று தெருவில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நூற்பாதான் காதில் விழும். ஆனால் அது கூவல். நீ கேட்ட சொல் கூவல் இல்லாமல், சாதாரணப் பேச்சிலேயே உயிர் நீள்வதைச் சொல்கிறது.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. இழுத்துப் பேசுதல் என்பதுதானே என்று நினைத்து நீ 'என்று இழுத்தான்' என எழுதிவிடக் கூடாது. தமிழில் ஒருவன் இழுத்தால் தயங்குகிறான் என்று அர்த்தம். 'வர்றேன்... ஆனா...' என்று இழுப்பவனைத்தான் 'என்னப்பா இழுக்குற?' என்று கேட்போம். உன் பண்ணைக்காரனுக்கு ஒரு தயக்கமும் கிடையாது. அவன் தன் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறவன்.

உங்க அப்பாவை நினைத்துக்கொள். வியாபாரி குனிந்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை கேட்பார். அப்பா தலை நிமிர மாட்டார். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிசலை முடிந்துகொண்டே, 'சொல்லுவோஓஓம்' என்பார். அந்த 'வோ' முடிவதற்குள் ஊசி வலையின் இரண்டு கண்ணைக் கடந்திருக்கும். நான் கேட்டதிலேயே சுத்தமான ட்ரால் அதுதான்.

அந்த வியாபாரியைக் கேட்டால் திமிர் என்பார். எனக்கு அது நிதானம். ஆங்கிலச் சொல்லிலும் இந்த இரண்டும் உண்டு. சோம்பல், அலட்சியம், சொகுசு, சில சமயம் ஒரு வசீகரம், எல்லாம் கேட்கிறவன் ஏற்றுவது. உன் கதையில் யார் காதால் அவனைக் கேட்கிறோம் என்று முதலில் பார். வெளியூர்க்காரன் காது என்றால் 'அசட்டையாக நீட்டிச் சொன்னான்'. அவன் மனைவி காது என்றால் 'சாவகாசமாகச் சொன்னான்' போதும். ஆள் முதன்முதலாகப் பேசும் இடத்தில் மட்டும் அந்தக் குரலை இரண்டு வரி விவரித்துவிடு. அப்புறம் வெறும் 'சொன்னான்' என்றாலே வாசகர் காதில் அது நீளும்.

அவன் பேசும் முதல் பக்கத்தைத் தமிழில் எழுதி அனுப்பு. சத்தம் போட்டு வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

உன்
மச்சான்