எங்கள் ராஜாசாரஸுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் இறுதியாண்டு அனிமேஷன் குறும்படத்தின் ரெண்டர், அதாவது கம்ப்யூட்டர் காட்சிகளை முழுப் படமாக்கித் தரும் வேலை, ஒருவழியாக முடிந்துவிட்டது. படத்தில் வரும் ராஜாசாரஸ் என்ற டைனோசரைக் கம்ப்யூட்டரில் செதுக்கியதும் அதற்கு வண்ணம் தீட்டியதும் என் பொறுப்பு. டைட்டிலில் அந்த இரண்டு வேலைக்கும் நேராக என் பெயர் மட்டும்தான் வருகிறது. அது பாதிக் கணக்குதான். மீதிக் கணக்கை எழுதத்தான் இந்த மடல். உதவிய எல்லார் பெயரும் படத்தின் கடைசியில் ஓடும். இங்கே யார் என்ன செய்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் நன்றி, எங்களை அறியாத ஒருவருக்கு. குஜராத்தில் ரையோலி என்ற ஊருக்குப் பக்கத்தில் 1982 முதல் 1984 வரை எலும்புகளைத் தோண்டி எடுத்தபோது, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் சுரேஷ் ஸ்ரீவஸ்தவா எந்த எலும்பு எங்கே கிடந்தது என்று படம் வரைந்து வைத்தார். பிற்பாடு ஜெஃப்ரி வில்சன், பால் செரினோ போன்ற தொல்லுயிர் ஆய்வாளர்கள் அவரோடு சேர்ந்து அந்த வரைபடத்தின் துணையோடு எலும்புகளைப் பொருத்திப் பார்த்து, 2003இல் ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். அவர் அன்று பொறுமையாகக் கோடு போடாமல் இருந்திருந்தால் எனக்குச் செதுக்க இடுப்பும் இல்லை, காலும் இல்லை.

இந்த மிருகத்தை எடுக்கச் சொன்னவர் எங்கள் கைடு சார். "டி-ரெக்ஸ் செய்தால் பார்க்கிறவன் சினிமாவோடு ஒப்பிடுவான். இதைச் செய்தால் மிருகத்தைப் பார்ப்பான்" என்றார். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

நிலவியல் படிக்கும் சீனியர் அக்காவைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். ராஜாசாரஸின் எலும்புகள் முழுசாகக் கிடைக்கவில்லை. இல்லாத பாகங்களுக்கு அதன் உறவினர்களைத்தான் பார்க்க வேண்டும். எந்தப் பாகத்துக்கு யாரைப் பார்ப்பது என்று அக்காதான் பிரித்துக் கொடுத்தார். கைகளுக்கு மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ்: நான்கே நான்கு குட்டை விரல்கள், எதையும் பிடிக்க உதவாத கை. தோலுக்கு அர்ஜென்டினாவின் கார்னோடாரஸ், ஏனென்றால் இந்தக் குடும்பத்தில் தோலின் அச்சு நன்றாகக் கிடைத்திருப்பது அதற்குத்தான். பெரிய செதில்கள் வரிசை கட்டாமல் அங்கங்கே சிதறிக் கிடந்தன என்று 2021இல் ஒரு ஆய்வு வந்தது. அதனால் முதுகில் வரிசையாக முள் நட வேண்டும் என்ற டீமின் ஆசை அங்கேயே செத்தது. நெற்றியில் இருக்கும் அந்த ஒற்றைக் கொம்பும் குட்டையான புடைப்புதான். "கொஞ்சம் நீட்டினா என்ன?" என்று எடிட்டர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தான். அக்கா மசியவில்லை. அவன் இன்னும் கோபமாக இருக்கிறான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், கொசப்பேட்டையில் பிள்ளையார் செய்யும் அண்ணன். உருவம் செதுக்கும் மென்பொருளான ஜீபிரஷைத் திறப்பதற்கு முன்னால் களிமண்ணில் ஒரு சின்ன உருவம் பிடித்துப் பார்க்கலாம் என்று போனேன். டைனோசரைப் பற்றி அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எடை எங்கே இறங்குது?" இரண்டு காலில் நடக்கும் மிருகம், இடுப்புதான் அச்சு. முன்னால் தலை இழுக்கிறது, பின்னால் வால் இழுக்கிறது. அவர் வாலின் அடியில் இன்னும் ஒரு பிடி மண்ணை அப்பினார், உருவம் நின்றது. தொடையைப் பின்னுக்கு இழுக்கும் பெரிய தசை வாலின் அடியிலிருந்துதான் வருகிறது என்று அக்கா அனுப்பிய கட்டுரையில் பிறகுதான் படித்தேன். அண்ணனுக்கு அது கையிலேயே இருந்தது. "மொதல்ல நிக்கட்டும்மா, கண்ணைக் கடைசியில தொறக்கலாம்" என்பார். கம்ப்யூட்டரிலும் அப்படியே செய்தேன். உருவம் வெறும் கருநிழலாகத் தெரியும்போதே என்ன மிருகம் என்று புரிகிறவரைக்கும் ஒரு செதில்கூடப் போடவில்லை.

ரிக், அதாவது உருவத்தை அசைக்க உள்ளே எலும்புக்கூடு மாட்டும் வேலையைச் செய்த நண்பனுக்கு நன்றி. வாயைப் பாதி திறந்த நிலையில் செதுக்கச் சொன்னவன் அவன்தான். மூடிய வாயாகச் செதுக்கினால் உதடு ஒட்டிக்கொண்டு, பிறகு திறக்கும்போது கிழிந்த மாதிரி இழுபடும். அசைக்க வசதியாக உருவத்தின் மேல் சீரான வலையை மறுபடி போடும் ரீடோப்பாலஜியில், இடுப்பைச் சுற்றி வளையங்களை அவனே உட்கார்ந்து ஓட்டிக் கொடுத்தான்.

வண்ணத்துக்கு ஆதாரம் எதுவும் கிடையாது, இந்த மிருகம் என்ன நிறத்தில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணைக்குப் போனோம். என்னோடு வந்த போட்டோகிராபர் தோழி, சாய்ந்த மாலை வெயிலுக்காகக் காத்திருந்து சதுப்பு முதலைகளின் கழுத்தை எடுத்தாள். செதில் இடுக்கில் சேறு காய்ந்து வெளுத்திருப்பதும், மேடான இடங்கள் உரசி மினுமினுப்பதும் அந்தப் படங்களில்தான் தெரிந்தது. வண்ணம் தீட்டும் மென்பொருளான சப்ஸ்டன்ஸ் பெயின்டரில் நான் போட்ட அடுக்குகள் பெரும்பாலும் அந்தச் சேறுதான். முதுகு கருத்து வயிறு வெளுத்தது மட்டும் என் ஊகம்.

தாவரவியல் மேடத்துக்கும் ஒரு நன்றி. டைனோசர் படத்தில் புல் இருக்கக் கூடாது என்று எல்லாப் புல்லையும் எடுத்துக்கொண்டிருந்தோம். மகாராஷ்டிராவின் பிஸ்துராவில் கிடைத்த டைனோசர் சாணப் புதைபடிவத்தில் புல்லின் சிலிக்காத் துகள்கள் இருந்ததாக 2005இல் வெளியான ஆய்வை அவர் காட்டினார். இந்தியாவில் அந்தக் காலத்திலேயே புல் இருந்திருக்கிறது. பின்னணி செய்த பையன் சந்தோஷத்தில் துள்ளினான்.

கேமிங் சென்டர் அண்ணன், கடையைச் சாத்தியபின் இரவெல்லாம் மெஷின்களை ரெண்டருக்கு விட்டார். கரண்ட் பில்லைப் பற்றி அவரும் பேசவில்லை, என் அம்மாவும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் நன்றி.

மாடல் கோப்பை ஜூனியர்களுக்கு விட்டுப்போகிறோம், வேண்டுமானால் கொம்பை நீட்டிக்கொள்ளட்டும். டைட்டிலில் உங்கள் பெயரின் எழுத்து தப்பாக இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். அதை மட்டும் மறுபடி ரெண்டர் போட அண்ணன் சரி என்றிருக்கிறார்.