அழுகிற பிள்ளையைப் பற்றி மலருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மலர்,

குழந்தைகள் வார்டில் வேலைக்குச் சேர்ந்து நீ போட்ட முதல் மெயிலிலேயே சண்டைக்கு வந்துவிட்டாய். “அம்மாக்களால்தான் தொல்லை, அத்தை. அதுவரை சமர்த்தாக இருக்கிற பிள்ளை, அம்மா முகத்தைப் பார்த்ததும் வீறிட்டு அழுகிறது. அவர்கள் வெளியே போனதும் தானாக செட் ஆகிவிடுகிறது.” லண்டனின் பெரிய மருத்துவமனைகளை நடத்தியவர்களும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார்கள்.

1940களின் கடைசியில் அங்கே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சேர்த்த குழந்தையை முதல் மாதம் பெற்றோர் சந்திக்கவே முடியாது. இரவு ஏழிலிருந்து எட்டுக்குள், அது தூங்கும்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். அவர்கள் ஒன்றும் கொடுமைக்காரர்கள் இல்லை. தொற்று பயம் ஒரு பக்கம். அம்மா வராவிட்டால் வார்டு அமைதியாக இருக்கிறது என்று கண்ணால் கண்டது இன்னொரு பக்கம்.

அந்த அமைதியை நம்பாதவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், குழந்தை மனநல நிபுணர் அன்னா ஃபிராய்ட் லண்டனில் நடத்திய ஹாம்ஸ்டெட் குழந்தைகள் காப்பகத்தில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவர். அங்கே வேலை செய்கிற எல்லோரும், பாய்லர்காரர் உட்பட, குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பு எழுத வேண்டும். (எனக்கு மிகவும் பிடித்த விதி. நம் ஆயாம்மாக்களுக்குத் தெரிந்ததில் பாதியாவது கேஸ் ஷீட்டில் ஏறுகிறதா?) 1948இல், தாய்-சேய்ப் பிரிவை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பியிடம் சேர்ந்தபிறகு மருத்துவமனைக் குழந்தைகளைப் பார்க்கப் போனார். முதலில் அழுது ஆர்ப்பாட்டம். பிறகு ஒடுங்கிப்போதல். கடைசியில் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிற, ஆனால் அம்மா வந்தால் ஏறெடுத்தும் பார்க்காத ஒரு நிலை. நர்ஸ்கள் செட் ஆகிவிட்டதாக நினைத்தது இந்தக் கடைசி நிலையைத்தான்.

சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. கேமராவைத் தூக்கினார். ஹெர்னியா ஆபரேஷனுக்காக எட்டு நாள் தங்கிய இரண்டரை வயதுச் சிறுமியைப் படமெடுத்து, 1952இல் மருத்துவர்கள் முன் திரையிட்டார். அவள் அதிகம் அழுவதில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா நீட்டிய கையைப் பிடிக்க மறுக்கிறாள். பார்த்த மருத்துவர்கள் பலருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் 1959இல், மருத்துவமனைக் குழந்தைகளின் நலனை ஆராய அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோரைத் தடையில்லாமல் அனுமதிக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தது.

உனக்கு இதைவிட முக்கியம் அதற்குப் பின்னால் வந்தது. அறுபதுகளின் கடைசியில் ராபர்ட்சனும் மனைவி ஜாய்ஸும் பதினேழு மாதக் குழந்தைகள் இரண்டைக் கவனித்தார்கள். இரண்டு பேரின் அம்மாக்களும் அடுத்த பிரசவத்துக்குப் போயிருந்தார்கள். பெண் குழந்தையை ஜாய்ஸ் தன் வீட்டிலேயே பத்து நாள் வைத்துக்கொண்டார். அவளுக்கும் ஏக்கம் இருந்தது, ஆனால் உடைந்துபோகவில்லை. பையன் ஒன்பது நாள் காப்பகத்தில் இருந்தான். அங்கிருந்த பெண்கள் அன்பானவர்கள்தான். அவனும் ஒவ்வொருத்தியிடமாக ஒட்டப் பார்த்தான். ஒட்டினவள் ஷிப்ட் முடிந்து போய்விடுவாள். ஒரு கட்டத்தில் முயற்சி செய்வதையே விட்டுவிட்டான். அம்மா வந்து தூக்கியபோது திமிறி அழுதான். அவனைச் சாய்த்தது டியூட்டி சார்ட்.

நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அம்மா கட்டிலுக்குக் கீழேயே பாய் விரித்துக்கொள்வாள். ஆள் பற்றாக்குறைதான் காரணம், ஞானம் இல்லை. ஆனாலும் பிள்ளைக்கு அது நல்லதாகத்தான் முடிந்தது. உங்கள் பளபளப்பான ஐ.சி.யு.வில் அவளை வெளியே நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

விசிட்டிங் நேரத்தை மாற்ற உன்னால் முடியாது, தெரியும். வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட, சோறூட்ட, முடிந்தவரை ஒரே ஆள் போகும்படி இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டுப் பார். பிள்ளை அசந்த நேரத்தில் அம்மா நழுவிப் போக விடாதே. சொல்லிவிட்டுப் போகட்டும், அது அழுதாலும் பரவாயில்லை. “யாருக்கும் தொல்லை தராத தங்கம்” என்று ஏழாம் பெட் பையனைப் பற்றி எழுதியிருந்தாயே, நாளைக்கு முதலில் அவனைப் பார். அவன் அம்மா எந்த ஊரிலிருந்து வருகிறாள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை