தலைக்கு எவ்வளவு என்று முதலிலேயே சொல்லுங்கள்: உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உணவக உரிமையாளர்களுக்கும் கேட்டரிங் நடத்துவோருக்கும்,

வணக்கம்.

சங்கக் கூட்டமோ, பணி ஓய்வு பெறுபவருக்கான பாராட்டு விழாவோ, பழைய மாணவர் சந்திப்போ, எதுவானாலும் சாப்பாட்டுப் பொறுப்பு யாராவது ஒருவர் தலையில்தான் விழுகிறது. அவர் கையில் இருப்பது பெரும்பாலும் பலரிடம் வசூலித்த பணம் என்பதால், ஒவ்வொரு செலவுக்கும் அவர் கணக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பொறுப்பைத் தொடர்ந்து ஏற்றுச் செய்துவருபவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் கேட்பது தள்ளுபடி அன்று. 40 பேருக்குச் சாப்பாடும் இனிப்பும் வேண்டும் என்று ஒருவர் கேட்டு வந்தால், எல்லாம் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு ஆகும், ஒருவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற இரண்டையும், முன்பணம் வாங்கும் முன்பே எழுத்தில் தந்துவிடுங்கள் என்பதே என் கோரிக்கை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நீங்கள் இதை ஓரளவு செய்கிறீர்கள். எத்தனை பேர், அதில் சைவம் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொல்கிறீர்கள். இனிப்புக்கு வரும்போது மட்டும் அந்தப் பழக்கம் மறைந்துவிடுகிறது; மெனுவில் ஒரு தட்டுக்குப் போட்டிருக்கும் விலையை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கிச் சொல்லிவிடுகிறீர்கள். அந்தத் தட்டின் விலையில் மேசையில் கொண்டுவந்து பரிமாறுவதற்கான கூலியும், மேலே ஊற்றும் சாஸும், ஓரத்தில் செய்யும் அலங்காரமும், அந்த மேசைக்கான இடச்செலவும் அடங்கியிருக்கின்றன. கூட்டத்துக்கு ஆர்டர் செய்பவருக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. அவருக்கு வேண்டியது முழு கேக்கோ, ஒரு ட்ரே பிரவுனியோ, பெரிய பாத்திரத்தில் புட்டிங்கோதான். உங்கள் சமையலறையிலும் அது பெரும்பாலும் முழுதாகத்தான் தயாராகிறது, பிறகுதான் துண்டாகிறது. முழுதாக வாங்கினால் என்ன விலை என்று தெரிந்து கேட்பவருக்கு ஒரு விலையும், கேட்கத் தெரியாதவருக்கு வேறொரு விலையும் அமைவது முறையன்று.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஒரு ட்ரே 20 பேருக்கு வரும்" என்று தொலைபேசியில் சொல்வது போதாது, ஏனெனில் அது கத்தி பிடிப்பவர் கையைப் பொறுத்தது. 23 சென்டிமீட்டர் அகலமும் 33 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ட்ரேயை நான்குக்கு ஆறாக வெட்டினால் 24 துண்டுகள் கிடைக்கும். மூன்றுக்கு ஐந்தாக வெட்டினால் 15தான். ட்ரே ஒன்றே, விலையும் ஒன்றே. ஆனால் கூட்டத்தில் ஒன்பது பேருக்கு இனிப்பு இல்லாமல் போகிறது. வட்டமான கேக்கில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். விட்டம் 20 சென்டிமீட்டரிலிருந்து 25 ஆகும்போது பார்வைக்குச் சிறிது பெரிதாகத்தான் தெரியும், ஆனால் உயரம் மாறாவிட்டால் கேக்கின் அளவு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. பல நேரங்களில் பெரியதை வாங்குவதே தலைக்குச் செலவைக் குறைக்கும். இதை ஆர்டர் எடுப்பவரே எடுத்துச் சொன்னால் எவ்வளவு உதவியாக இருக்கும்! எடையும் துண்டுக் கணக்கும் விலைப்பட்டியலிலேயே இருந்துவிட்டால் சொல்ல வேண்டிய தேவைகூட இராது.

இரண்டு வகை இனிப்பு கேட்டால், இரண்டிலும் முழு எண்ணிக்கைக்கு ஆர்டர் கொடுக்கச் சொல்லும் வழக்கத்தையும் மறுபரிசீலனை செய்யுங்கள். விருந்துக்கு வருபவர்கள் இரண்டையும் ருசி பார்க்க விரும்புவார்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு இரண்டு முழுத் துண்டுகளை முடிப்பவர்கள் குறைவு. பாதியளவுத் துண்டுகளாக வெட்டித் தந்தால் செலவும் அடங்கும், தட்டில் மிச்சமும் விழாது.

விலையில் என்னென்ன அடக்கம் என்பது அடுத்தது. கொண்டுவந்து சேர்க்கும் கட்டணம், சேவைக் கட்டணம், வரி, காகிதத் தட்டு, கரண்டி, பாத்திரத்துக்கான வைப்புத் தொகை ஆகியவை இறுதி பில்லில்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகின்றன என்றால், முன்னால் சொன்ன விலைக்குப் பொருளே இல்லை. ஒரு முறை நான் வசூலித்த தொகை இப்படித்தான் போதாமல் போய், கூட்டம் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தவர்களிடம் மறுபடியும் பணம் கேட்க வேண்டி வந்தது. அந்தச் சங்கடம் யாருக்கும் வர வேண்டாம்.

விலையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, குளிரில் வைக்க வேண்டியதை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கிரீம், கஸ்டர்ட், முட்டை சேர்ந்த இனிப்புகளுக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் கூட்டங்களில் நடப்பது வேறு: சாப்பாட்டோடு சேர்த்தே இனிப்பையும் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள், வரவேற்புரையும் வாழ்த்துரையும் நீள நீள அது மேசையிலேயே கிடக்கிறது. எந்த இனிப்பு எவ்வளவு நேரம் வெளியில் தாங்கும் என்று பெட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள். குளிர்சாதன வசதி இல்லாத இடம் என்றால் கிரீம் இல்லாத பிரவுனி, குக்கீ போன்றவற்றை நீங்களே பரிந்துரையுங்கள், அவை விலையிலும் பெரும்பாலும் குறைவு. பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, முந்திரி, பாதாம் போன்றவற்றில் எது சேர்ந்திருக்கிறது என்பதையும் அதே பெட்டியில் குறித்துவிட்டால், ஒவ்வாமை உள்ளவர் ஏற்பாட்டாளரிடம் வந்து கேட்கும்போது அவர் ஊகித்துப் பதில் சொல்ல வேண்டியிராது. சமைக்காத முட்டை சேர்த்த இனிப்பு என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், கூட்டத்தில் கர்ப்பிணிகளும் முதியவர்களும் இருக்கலாம்.

எங்கள் பக்கக் கடமையையும் நான் மறக்கவில்லை. வருகிறோம் என்றவர்கள் வராமல் போவதும், கடைசி நேரத்தில் பத்துப் பேர் கூடுவதும் உங்களுக்கு நஷ்டம். இறுதி எண்ணிக்கையை எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும், அதன்பின் எத்தனை பேர் குறைந்தால் கட்டணம் குறையாது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். அதற்குக் கட்டுப்படுவது எங்கள் பொறுப்பு. கூட்ட ஆர்டருக்கென்று இப்படி ஒரு பக்க விலைத்தாளை அச்சிட்டுக் கல்லாவில் வைத்திருக்கும்படி உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கூட்டங்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்யும் ஒரு வாடிக்கையாளர்