கம்பளி போர்த்திய நாயனம்

செந்தூல்,
கோலாலம்பூர்

அன்புள்ள நண்பா,

நீ கொடுத்தனுப்பிய ஒலிநாடாப் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. பட்டர்வொர்த்தில் ரயில் ஏறியதிலிருந்து உன் மருமகன் அதை மடியிலேயே வைத்திருந்தாராம். காந்தம் பக்கத்தில் போகக்கூடாது என்று நீ பயமுறுத்தியதில் கைப்பேசியைக்கூட எதிர் சீட்டில் போட்டுவிட்டாராம். நல்ல பிள்ளை. தங்கச்சியின் முட்டிவலிக்குக் கேட்டிருந்த எண்ணெயை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1981-ல் உன் கல்யாண நாடாவை முதல்முறை போட்டுக் கேட்டதும், "என்னடா, நாயனக்காரர் கம்பளியைப் போர்த்திக்கிட்டு வாசிச்ச மாதிரி இருக்கு" என்றாய். நான் மைக் மேல் பழியைப் போட்டேன். மண்டபத்தில் கூட்டம், வாழை மரம், எதிரொலி என்று ஏதேதோ சொன்னேன். மைக் ஒரு பாவமும் அறியாது. தப்பு என்னுடையது.

இது எப்படித் தெரியவந்தது என்றால், எங்கள் மாடியில் கித்தார் வாசிக்கிற பையன் ஒருவன் பழைய ரெவாக்ஸ் ஏ77 நாடாப் பதிவு இயந்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். பாட்டை நாடாவில்தான் பதிய வேண்டுமாம். கணினியில் எல்லாம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறதாம், கொஞ்சம் அழுக்கு வேண்டுமாம். அந்த அழுக்கைத் துடைக்கத்தானே நீயும் நானும் பாதி ஆயுளைச் செலவழித்தோம்! சரி, தம்பி ஆசைப்படுகிறான் என்று மேசையில் ஏற்றிவிட்டேன்.

ஜாலான் பசாருக்குப் போய் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் வாங்கினேன். புடு வட்டாரமே மாறிவிட்டது, ஆனாலும் அந்தத் தெருவில் டிரான்சிஸ்டர் கேட்டால் இன்னும் டப்பாவைத் திறந்து எண்ணித் தருகிறார்கள். நாடாவை உரசி ஒலியைப் பதிகிற, படிக்கிற ஹெட்டுகளைத் துடைத்தால் பஞ்சு காப்பித்தூள் நிறத்தில் வந்தது. பிறகு டீமேக்னடைசர், ஹெட்டில் தங்கிய காந்தத்தை நீக்குகிற கருவி. கையை நன்றாக நீட்டித் தூரத்தில் ஆன் செய்து, மெதுவாகக் கொண்டுவந்து, மெதுவாகவே விலக்கிய பிறகுதான் ஆஃப் செய்ய வேண்டும். பையன் ஹெட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்விட்சை அணைக்கப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படி அணைத்தால் இல்லாத காந்தத்தை நாமே ஏற்றிவிடுவோம்.

பதிவு பண்ணத் துடித்துக்கொண்டிருந்ததால் அவன் முதலில் ரெக்கார்ட் ஹெட்டில் கைவைக்கச் சொன்னான். முதலில் பிளே ஹெட், அதுவும் சரியான கோணத்தில் ஒலி பதிந்து வருகிற தர நாடாவை வைத்து, அப்புறம்தான் ரெக்கார்ட் ஹெட் என்றேன். அளவுகோலே கோணலாக இருந்தால் அதை வைத்து எதை அளப்பது? சொல்லும்போதே நாக்கு கொஞ்சம் குழறியது. ஏன் என்று கீழே வரும்.

அசிமத், அதாவது நாடாவுக்கு ஹெட் நிற்கும் சாய்வு, அந்தக் கணக்கை நாம் அந்த நாளில் காதால் செய்தோமே தவிர, காகிதத்தில் போட்டுப் பார்த்ததில்லை. இப்போது போட்டேன். நாடா வினாடிக்கு 19 செ.மீ. ஓடுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி அதில் ஒரு அலைக்கு 19 மைக்ரான் இடம்தான் பிடிக்கிறது, தலைமுடியின் பருமன்கூட இல்லை. ஒரு தடத்தின் அகலம் சுமார் 2 மி.மீ. ஹெட்டின் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளி, ஒலி பதிந்த கோட்டிலிருந்து அரை டிகிரி சாய்ந்தாலே மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் ஏறக்குறைய ஒரு முழு அலை வித்தியாசம் வந்துவிடும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்று, அந்த ஒலி அடியோடு காணாமல் போகும். தாழ்ந்த ஒலிகளுக்கு அலை நீளம், அவை தப்பிக்கும். அதனால்தான் தவில் முழங்கும்போதே ஜால்ராவின் தாளச் சத்தம் மட்டும் தொலைந்துபோகிறது.

இன்னொரு வில்லங்கம் உனக்குத் தெரிந்ததுதான். எடுத்தவுடன் 10 கிலோஹெர்ட்ஸில் ஹெட்டின் திருகைத் திருப்பினால் மீட்டர் முள் ஒரு இடத்தில் ஏறி நிற்கும். அது பொய்யான உச்சம், உண்மையான உச்சத்தைவிட 13 டெசிபல் கீழே. முதலில் 1 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய நேராக்கிவிட்டு மேலே போக வேண்டும். கடைசியில் இரண்டு சேனலையும் அலைகாட்டியில் எதிரெதிரே கொடுத்தேன். முட்டை வடிவம் சுருங்கிச் சாய்ந்த கோடாக நின்றபோது பையன் கைதட்டினான்.

ரெக்கார்ட் ஹெட்டையும் அதே வழியில் நேராக்கிவிட்டு பயஸுக்கு வந்தோம், பதியும்போது பாட்டோடு சேர்த்து அனுப்புகிற, காதுக்கு எட்டாத உயர் அதிர்வு அது. இந்த இயந்திரத்தில் 120 கிலோஹெர்ட்ஸ். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி உச்சம் தொட்ட பிறகும் நிறுத்தாமல், அது நாடாவைப் பொறுத்து 3 முதல் 6 டெசிபல் இறங்கும்வரை பயஸை ஏற்றினேன். 1940-ல் ஜெர்மனியில் வால்டர் வெபர் கையில் இது சிக்கியதே ஒரு பழுதினால்தான், ஆம்ப்ளிஃபையர் தானாக அதிர ஆரம்பித்து நாடாவின் இரைச்சலைக் குறைத்துவிட்டது என்று சொன்னேன். அந்தக் கதைதான் அவனுக்கு ரொம்பப் பிடித்தது.

எல்லாம் முடிந்ததும் உன் நாடாவை ஏற்றினேன். இயந்திரம் அப்பழுக்கில்லாமல் நிற்கிறது, ஆனால் கேட்டால் அதே கம்பளி! கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பிளே ஹெட்டின் திருகைத் தொட்டேன். கால் சுற்றுகூட இருக்காது. ஜல்லென்று தாளம் திறந்துகொண்டது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்கள் ஸ்டூடியோ இயந்திரத்தில் ஹெட் மாற்றினேன். தர நாடாவை முதலாளி அலமாரியில் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். எங்கிருந்தோ வந்த ஒரு பாட்டு நாடாவைப் போட்டு, பளிச்சென்று கேட்கிற இடத்தில் பிளே ஹெட்டை நிறுத்தினேன், அதற்கு ஏற்ப ரெக்கார்ட் ஹெட்டையும் சாய்த்தேன். இரண்டும் ஒரே கோணலில் நின்றதால் எங்கள் ஸ்டூடியோவில் போட்டால் தேனாகக் கேட்டது. உன் வீட்டு இயந்திரத்தில்தான் கம்பளி. பின்னாளில் இதை சிடியாக மாற்றிக் கொடுத்த கடைக்காரர் ட்ரெபிளைக் கூட்டியதாகச் சொன்னாயே, அவரைத் திட்டாதே. ஹெட் எடுக்காமல் விட்ட ஒலியை எந்தக் குமிழும் கொண்டுவராது, இரைச்சல்தான் கூடும்.

முழுவதையும் கணினியில் ஏற்றிவிட்டேன். அப்புறம் தர நாடாவை மறுபடி போட்டு ஹெட்டை நேராக்கித்தான் பையனிடம் கொடுத்தேன். உன் பெட்டியிலிருந்த இன்னொரு நாடா பசைபோல ஒட்டிக் கீச்சிடுகிறது. நம் ஊர் ஈரம் குடித்துவிட்டது. 54 டிகிரியில் எட்டு மணி நேரம் சூடாக்கிப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரி பழம் உலர்த்தும் பெட்டியைத் தரச் சம்மதித்துவிட்டாள், நாடா வாசம் அடித்தால் புதுசு வாங்கித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

கல்யாண நாடாவைத் திருப்பிச் சுற்றாமல், கடைசி முனை வெளியே இருக்கும்படி அனுப்புகிறேன். அப்படியே வை. பென் டிரைவும் கூடவே வரும். அதில் ஒரு விஷயம். கெட்டிமேளத்துக்குச் சற்று முன்னால் மைக் பக்கத்தில் ஒரு கிழவி பேசுவாரே, இத்தனை வருஷம் வெறும் முணுமுணுப்பாகக் கேட்டது, இப்போது ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது. தங்கச்சியின் அப்பாயி என்று நினைக்கிறேன். "மாப்பிள்ளை தூங்கி வழியுறான், யாராச்சும் கிள்ளி விடுங்கடி" என்கிறார். பேரப்பிள்ளைகளுக்குப் போகிற பிரதியில் அதை வெட்டட்டுமா, விட்டுவிடட்டுமா? நீ முடிவு பண்ணாதே, தங்கச்சியிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய ஹெட் கிளீனர்