கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள்: ஆடியோ விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

இதழ்களிலும் காணொளிகளிலும் ஆடியோ கருவிகளை விமர்சிக்கும் நண்பர்களுக்கு, வணக்கம்.

ஆடியோ ரசிகர்களுக்கென்றே தனியாகத் தயாரிக்கப்படும் நெட்வொர்க் ஸ்விட்ச்சுகளை (கருவிகளை லேன் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகளை)ப் பற்றி நீங்கள் எழுதுவதையும் பேசுவதையும் தொடர்ந்து கவனித்து வருகிறேன். திரை விலகியது என்கிறீர்கள். பின்னணி இருண்டது, தம்புராவின் நான்கு தந்தியும் தனித்தனியே கேட்டது, மிருதங்கத்தின் தொப்பி இறுகியது என்கிறீர்கள். இவ்வளவையும் சாதித்தது ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபயரோ அல்லவாம். ரவுட்டருக்கும், இணையத்திலிருந்து பாட்டை வாங்கித் தரும் ஸ்ட்ரீமர் கருவிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டியாம். கடைகளில் ஆயிரத்து சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஐந்து போர்ட் ஸ்விட்ச் பார்க்கிற அதே வேலையைத்தான் இதுவும் பார்க்கிறது. விலை மட்டும் அரை லட்சத்தைத் தொட்டு, சில லட்சங்கள் வரை ஏறுகிறது. அதற்கு மின்சாரம் கொடுக்க, இரைச்சல் குறைவு என்று சொல்லி விற்கும் ஒரு லீனியர் பவர் சப்ளை, அதற்குத் தனி விலை.

அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. பாட்டுக் கேட்பது என் பித்து. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீங்கள் கடை விரித்திருப்பதால் இந்த மடல்.

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. வேறுபாடு கேட்டது என்றால் கேட்டிருக்கும். அதற்குக் காரணம் ஸ்விட்ச்தானா என்பதே கேள்வி. அதைச் சோதிக்க ஒரு சிறு காரியம் செய்து பாருங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்ட்ரீமரின் முதுகில் இருக்கும் லேன் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் நாக்கை அழுத்தி இழுத்தால் வந்துவிடும். போர்ட்டின் பச்சை விளக்கு அணையும். பாட்டு நிற்காது. சில கருவிகளில் சில நொடிகள் ஓடும். சிலவற்றில் அந்தப் பாட்டே முடியும்வரை ஓடும். தேவையான தரவு முன்கூட்டியே வந்து கருவியின் நினைவகத்தில் இறங்கிவிட்டது என்பதே காரணம்.

அந்த இடைவெளியில் ஸ்விட்ச் இல்லை. அதற்குள் கடிகாரம்போல் நேரம் காட்டும் உயர்தர கிரிஸ்டல் இல்லை, லீனியர் பவர் சப்ளை இல்லை, கம்பி வழியே ஏறிவரக்கூடிய மின் இரைச்சலும் இல்லை. நல்ல ஸ்விட்ச் ஒலிக்கு எதையோ சேர்க்கிறது என்றால், கேபிள் கழன்ற கணத்தில் ஒலி சரிய வேண்டும். கம்பி வழியே வரும் அழுக்குதான் ஒலியைக் கெடுக்கிறது என்றால், அதே கணத்தில் ஒலி உச்சத்துக்குப் போக வேண்டும். இந்த இரண்டில் ஒன்றையாவது குறிப்பிட்ட விமர்சனத்தை நான் இதுவரை படித்ததில்லை. பெட்டி மாறினால் திரை விலகுகிறது. பெட்டியே இல்லாமல் போனால் ஒன்றும் நேர்வதில்லை. இது விந்தையாக இல்லையா?

உள்ளே நடப்பது இதுதான். குறுந்தகட்டுத் தரத்தில் உள்ள பாட்டு நொடிக்கு ஒலியலையின் 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரண்டு தடம்: மொத்தம் நொடிக்கு 14,11,200 பிட். பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச்கூட நொடிக்கு 10 கோடி பிட் கடத்தும். அதில் பாட்டுக்குத் தேவைப்படுவது நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. ஆகவே பாட்டு கம்பியில் ஒழுகிக்கொண்டே வருவதில்லை. மொத்தமாக ஒரு கொத்து வரும், பிறகு கம்பி சும்மா கிடக்கும், பிறகு அடுத்த கொத்து. கொத்தில் வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் அதிகபட்சம் 1,500 பைட் சுமக்கும். வாலில் 32 பிட் சரிபார்ப்பு எண் இருக்கும். கணக்கு உதைத்தால் பொட்டலம் குப்பைக்குப் போகும், அனுப்பிய இடத்திலிருந்து மறுபடி வாங்கப்படும். போதாக்குறைக்கு, பாட்டுச் சேவைகள் பெரும்பாலும் மறையாக்கம் செய்தே அனுப்புகின்றன. ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்தத் துண்டு திறக்காது. தரவு கெட்டுப்போனால் பாட்டு திக்கும், நின்றுபோகும். மிருதங்கம் மட்டும் சற்று மெலிந்து, பாடகர் குரல் மட்டும் சற்று மங்கிக் கெட்டுப்போக அதற்குத் தெரியாது.

ஊரில் மணியார்டர் வந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் ஐந்நூறு ரூபாய் அனுப்பினால் ஐந்நூறு வரும், அல்லது வராது. தபால்காரர் புது சைக்கிளில் வந்தார் என்பதற்காக ஐந்நூற்றைந்து ஆகாது.

உடனே நீங்கள் நேரத் துல்லியத்துக்குத் தாவுவீர்கள். பிட் சரியாக வந்தாலும் நேரம் பிசகி வரலாமே, அதைத்தானே உயர்தர கிரிஸ்டல் திருத்துகிறது என்பீர்கள். ஸ்விட்ச்சில் இருப்பது பெரும்பாலும் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். எண்களை ஒலியலையாக மாற்றும் டிஏசியில் மாதிரிகளை ஒவ்வொன்றாக வெளியேற்றுவது 22.5792 அல்லது 24.576 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நடுவே நினைவகம் இருக்கிறது. பொட்டலம் எப்போது வந்தது என்ற கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. நேரப் பிசகு காதுக்கு எப்போது எட்டும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜப்பானில் அஷிஹரா குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற காதுகளுக்கே இசையில் சில நூறு நானோசெகண்ட் அளவுக்குத் தாறுமாறான பிசகு இருந்தால்தான் பிடிபட்டது. இன்றைய சாதாரண டிஏசியின் பிசகை பிகோசெகண்டில் அளக்கிறார்கள். ஒரு நானோசெகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது.

தயாரிப்பாளர்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவர்களுடைய விளம்பரத் தாள்களில் கிரிஸ்டலின் வரைபடம் இருக்கிறது, பவர் சப்ளையின் இரைச்சல் வரைபடம் இருக்கிறது. டிஏசியின் வெளியீட்டில், அதாவது ஆம்ப்ளிஃபயருக்குள் போகும் அந்த ஒரே இடத்தில், ஸ்விட்ச்சுக்கு முன்னும் பின்னும் எடுத்த வரைபடம் எங்கே? கிரிஸ்டலையே அளக்கத் தெரிந்தவர்களுக்கு அதை எடுப்பது அரை மணி நேர வேலை. அமெரிக்காவில் அப்டோன் ஆடியோ நிறுவனம் 640 டாலருக்குக் கொண்டுவந்த ஈதர்ரீஜென் ஸ்விட்ச்சை, ஆடியோ கருவிகளை அளந்து வெளியிடும் ஆடியோ சயன்ஸ் ரிவ்யூ தளத்தின் அமீர் மஜிதிமெஹர் அளந்து பார்த்தார். அதை இணைத்தபோதும் கழற்றியபோதும் டிஏசியின் வெளியீட்டில் முன்னேற்றம் எதையும் அவர் காணவில்லை. அவருடைய முறை தவறு என்று நினைப்பவர்கள் தங்கள் முறையில் அளந்து காட்டலாம். நான் காத்திருக்கிறேன்.

பவர் சப்ளை விஷயத்தில் உங்களோடு பாதி தூரம் நானும் வருவேன். உங்கள் எழுத்தில் நான் தேடித் தேடிக் காணாத உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஸ்விட்ச்சுக்கும் ரவுட்டருக்கும் கூடவே வரும் கருப்பு அடாப்டர்கள் ஏறக்குறைய எல்லாமே எஸ்.எம்.பி.எஸ் வகை, அதாவது மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுச் செலுத்தி மின்னழுத்தத்தைக் குறைப்பவை. பெரும்பாலானவற்றில் 230 வோல்ட் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறு கண்டென்சர் பாலம் போட்டிருக்கும். இரண்டு முள் பிளக்கில் எர்த் இல்லாததால், அதன் வெளியீட்டோடு இணைந்த உலோகப் பெட்டி ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். புறங்கையைப் பெட்டியின் விளிம்பில் மெல்ல உரசிப் பாருங்கள், சுறுசுறுவென்று ஓர் அதிர்வு ஓடும். கால் மில்லியாம்பியருக்குள் அடங்கிய கசிவு அது, ஆபத்தில்லை. ஆனால் அந்தக் கசிவு, ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ கேபிளின் உறை வழியே எர்த்தைத் தேடி ஓடினால் ஸ்பீக்கரில் ரீங்காரம் எழும். அது கேட்கும். காதை ஸ்பீக்கரில் வைத்தால் யாருக்கும் கேட்கும். அதைச் சொல்லப் பொன்காது தேவையில்லை.

இந்தக் கசிவு லேன் கேபிள் வழியே வராமலிருக்க, ஈதர்நெட் விதிமுறையே வழி செய்து வைத்திருக்கிறது. போர்ட்டுக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் 1,500 வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்கிப் பிரித்து நிற்க வேண்டும் என்பது அதில் உள்ள கட்டளை. மிக உயர்ந்த அதிர்வெண்களில் கொஞ்சம் இரைச்சல் அதையும் தாண்டலாம், மறுக்கவில்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், உறை போட்ட, இரு முனையிலும் உலோகத் தலை வைத்த விலையுயர்ந்த லேன் கேபிளை நீங்களே பரிந்துரைக்கிறீர்கள். அந்த உறை டிரான்ஸ்ஃபார்மரைத் தவிர்த்துவிட்டு இரண்டு பெட்டிகளையும் நேராக இணைத்துவிடுகிறது! மீட்டர் இருபது, முப்பது ரூபாய்க்கு விற்கும் உறையில்லாத சாதாரண கேபிள் இந்த வம்புக்கே வருவதில்லை.

நம் ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும். எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்தால் ரீங்காரம் குறையலாம், உயிருக்கும் பாதுகாப்பு. அதற்கும் அடங்காவிட்டால் வைஃபை இருக்கிறது. அல்லது சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஜோடி ஃபைபர் கன்வெர்ட்டர். கண்ணாடி இழையில் கசிய மின்சாரமே இல்லை. இவற்றைப் பற்றி நீங்கள் காணொளி போட்டால் ஊருக்கு உபகாரமாக இருக்கும். எர்த் ஒயரை விமர்சனத்துக்கு அனுப்பி வைக்க விநியோகஸ்தர் இல்லை என்பதுதான் சிக்கலோ என்னவோ.

பின்னே நீங்கள் கேட்டது என்ன? பெட்டியை மாற்றிவிட்டு அதே பாட்டை இரண்டாம் முறை போடுகிறீர்கள். இம்முறை தம்புராவைத் தேடிக்கொண்டே கேட்கிறீர்கள். தேடினால் தம்புரா கிடைக்கத்தான் செய்யும். ஒலியின் நுட்பமான நினைவு சில நொடிகளில் கரைந்துவிடும். நீங்களோ எழுந்து போய், கேபிள் மாற்றி, ஸ்ட்ரீமர் மறுபடி இணையும்வரை காத்திருந்து, திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மேசைமேல் இரண்டு லட்ச ரூபாய் பெட்டி மின்னிக்கொண்டிருக்கிறது. இதில் யாராக இருந்தாலும் காது ஏமாறும். ஏமாறாமலிருக்கத்தான் கண்ணை மறைத்துச் சோதிக்கும் முறை வந்தது. பெல் ஆய்வகத்தின் மன்சனும் கார்ட்னரும் 1950-லேயே அதற்கு வழி காட்டினார்கள்.

2007-ல் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். உயர்தெளிவு இசைத்தட்டின் ஒலியைக் குறுந்தகட்டுத் தரத்துக்குக் குறைத்து, எது எது என்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். அவர்கள் தேர்ந்தெடுத்த இசைத்தட்டுகளைப் பற்றிக் குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையைத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அங்கே தரவில் பாதிக்கு மேல் வெட்டி எறிந்திருந்தார்கள். ஸ்விட்ச்சோ ஒரு பிட்டைக்கூடத் தொடுவதில்லை.

"உங்கள் சிஸ்டம் அந்த அளவுக்கு நுட்பமானது இல்லை" என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். சரி, உங்கள் சிஸ்டத்திலேயே நடத்துவோம். "எல்லாமே அளவுகோலுக்குள் அடங்காது" என்பீர்கள். இந்தச் சோதனைக்கு அளவுகோல் வேண்டியதில்லை. உங்கள் காது போதும். "பத்து நிமிடத்தில் தெரியாது, வாரக்கணக்கில் பழக வேண்டும்" என்பீர்கள். தாராளமாக. வீட்டில் ஒருவர் வாரம் ஒருமுறை காசைச் சுண்டி, ஸ்விட்ச்சை மாற்றியோ மாற்றாமலோ விட்டு, அலமாரியைப் பூட்டிவிடட்டும். நீங்கள் வாரக் கடைசியில் எந்தப் பெட்டி என்று எழுதி வையுங்கள்.

இன்னொரு ஆற்றாமையையும் கொட்டிவிடுகிறேன். பழைய கச்சேரிப் பதிவுகள் பல, நாடாவின் வேகம் பிசகி, சுருதி அரைக்கட்டை ஏறியோ இறங்கியோதான் இணையத்தில் கிடைக்கின்றன. தம்புராவின் தந்திகளை எண்ணும் உங்கள் காதுக்கு இது எட்டாமல் போகாது. ஆனாலும் ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறீர்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கும் கூடம், தலைக்கு மேல் நாற்பது ஐம்பது டெசிபெல் இரைச்சலோடு சுற்றும் மின்விசிறி. இதற்கு நடுவே உட்கார்ந்துகொண்டு "பின்னணி இருண்டது" என்றால் எப்படி? அந்தக் காசில் ஒரு தடித்த திரைச்சீலையும் ஒரு கம்பளமும் வாங்கச் சொல்லியிருக்கலாம்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை நினைவூட்டுகிறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் தமக்கும் விற்பவருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கருவி இரவலா, இனாமா, கழிவு விலையா, அடுத்த பக்கத்து விளம்பரம் யாருடையது? விமர்சனத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், கடைசி நொடியில் பொடி எழுத்தில் அல்ல.

என் அழைப்பு இதுதான். உங்களில் யார் வேண்டுமானாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லுங்கள். உங்கள் வீடு, உங்கள் சிஸ்டம், நீங்கள் தேர்ந்தெடுக்கும் பாட்டு. மெச்சிய ஸ்விட்ச்சை நீங்கள் எடுத்து வையுங்கள். சாதாரண ஸ்விட்ச்சை நான் கொண்டுவருகிறேன். இரண்டையும் திரைக்குப் பின்னால் வைத்து, காசு சுண்டி, 16 முறை மாற்றுவோம். மாற்றுபவர் உங்கள் கண்ணில் படக் கூடாது. 12 முறை சரியாகச் சொல்லிவிட்டால் போதும். குருட்டாம்போக்கில் அவ்வளவு சரியாக வர நூற்றில் நான்குக்கும் குறைவான வாய்ப்புத்தான். எது நடந்தாலும் வெட்டாமல் முழுவதையும் வெளியிட வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. சோதனை முடியும்வரை மின்விசிறியை நிறுத்திவிடுவோம், வியர்த்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், நேயன்