பாறையைக் கொதிக்க வைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை புதுவீடு போகிறவர்களுக்கான பக்கத்தில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் நான்கு வரி எழுதியிருந்தீர்கள். பழைய தொட்டியின் தண்ணீரைப் புதுத் தொட்டியில் ஊற்றிவிட்டால் மீன்கள் பழகிக்கொள்ளும், பாறைகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் அழுக்குப் போய்விடும் என்று அதில் இருந்தது. இரண்டும் தவறு. இரண்டாவது, மனித உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இந்தக் கடிதம்.

பவளத் தொட்டிப் பாறைகளில் சட்டைப் பொத்தான்களைப் போல நெருக்கமாக ஒட்டி வளரும் உயிரிகள் உண்டு. கடைகளில் 'சோவா', 'பாலி' என்பார்கள். பச்சையும் ஆரஞ்சுமாகப் பார்க்க அழகாக இருக்கும். இவற்றில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. 1971இல் ஹவாயில் இந்த இனத்து உயிரியிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். கொதிக்க வைத்தால் இந்த நஞ்சு அழிவதில்லை, ஆவியோடு கிளம்பி வீடு முழுக்கப் பரவுகிறது. 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷையரில் ஒரு வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்தபோதே குடும்பத்தினரும், உதவிக்குப் போன தீயணைப்பாளர்களும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. கதவு சன்னலைச் சாத்திக் குளிரூட்டி ஓடுகிற நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் ஒரு பானை பாறையை அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்து அறையில் பேரக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம்.

நான் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 2013இல் மூன்றடித் தொட்டி ஒன்று வாங்கிப் பவளம் வளர்க்கத் தொடங்கினேன். இந்த மார்ச்சில் தொட்டியின் பின்மூலையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. துடைத்தேன், மறுநாளும் பூத்தது. கண்ணாடிகளை ஒட்டிய பன்னிரண்டு ஆண்டுப் பசை விட்டுக்கொண்டிருக்கிறது என்று புரிந்துவிட்டது. நான்கடியில் புதுத் தொட்டி செய்யச் சொன்னேன். 120 செண்டிமீட்டர் நீளம், 60 அகலம், 50 உயரம். முழுக்க நிரப்பினால் 360 லிட்டர். கண்ணாடி, பாறை, மேசை எல்லாம் சேர்த்து அரை டன்னைத் தாண்டும். அதனால் கூடத்தின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக வைத்தோம். வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பிப் பத்து நாள் கசிவு பார்த்தேன். அவசரப்படுத்தியவர்கள் வீட்டில் இருந்தார்கள், நான் அசையவில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தொட்டியைக் காப்பாற்றுவது தண்ணீர் அல்ல, பாறை. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் பாறையின் துளைகளிலும் பரப்பிலும்தான் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. தண்ணீரில் மிதப்பவை சொற்பம். பாறையைக் கொதிக்க வைத்துவிட்டுப் பழைய தண்ணீரைப் பத்திரமாக ஊற்றுவது, சமையற்காரரை வெளியே அனுப்பிவிட்டுப் பாத்திரத்தைப் பூட்டி வைப்பது போன்றது. போதாக்குறைக்குக் கடல்நீரின் அமில-கார அளவு (pH) 8.2 அளவில் இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீரில் செய்வதைவிட இங்கே அதிகக் கேடு செய்யும்.

நான் பழைய தண்ணீரை எடுக்கவே இல்லை என்று சொல்ல வரவில்லை. மணலைக் கலக்குவதற்கு முன்பே மேல்மட்டத்திலிருந்து 130 லிட்டர் உறிஞ்சி வைத்துக்கொண்டேன். பவளங்களுக்குத் திடீர் மாற்றம் ஆகாது என்பதுதான் காரணம். மீதி 200 லிட்டரை இரண்டு நாளுக்கு முன்பே பீப்பாயில் கலந்தேன். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, ஆக ஏழு கிலோ. பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. சூடு 26 பாகை, உப்படர்த்தி 1.025, பீப்பாயிலும் பழைய தொட்டியிலும் ஒன்றாக வரும்வரை அளந்தேன். நம் குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினியைச் சேர்க்கிறார்கள். ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், போகாது. கரி வடிகட்டியும் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வடிகட்டியும் தாண்டி வந்த தண்ணீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும்.

மணலைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. உண்மையில் தொட்டி மாற்றும்போது மீன்களைக் கொல்வது அதுதான். ஈசூனில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரே பிற்பகலில் பழைய மணலை அப்படியே வாரிப் புதுத் தொட்டியில் கொட்டினார். விடிந்து பார்த்தபோது ஒரு மீன்கூட உயிரோடு இல்லை. என் தொட்டியில் மணல் ஆறு செண்டிமீட்டர் ஆழம். அடியில் கறுப்புக் கோடுகள் ஓடியிருந்தன. கரண்டியை விட்டதும் அழுகிய முட்டை நாற்றம். பள்ளியில் வாயு தயாரிக்கும் கிப் கருவியில் பல ஆண்டுகள் தயாரித்துக் கொடுத்த ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு, மூக்கு உடனே கண்டுகொண்டது. சன்னலைத் திறந்துவிட்டு, மணல் முழுவதையும் பையில் கட்டி அப்புறப்படுத்தினேன். புதுத் தொட்டிக்குப் புது மணல். மேற்பரப்பிலிருந்து ஒரே ஒரு குவளை மட்டும் பழையது போட்டேன்.

மாற்றிய நாள் சனிக்கிழமை. காலை எட்டுக்குத் தொடங்கி மாலை ஆறு வரை ஆயிற்று. கையுறையும் கண்ணாடியும் போடாமல் மகனைப் பாறை பக்கமே விடவில்லை. பவளம் ஒட்டிய பாறைகளைத் தண்ணீருக்குள்ளேயே டப்பாவில் ஏந்தி எடுத்தோம். பஞ்சுயிரி (ஸ்பாஞ்சு) ஒட்டிய பாறையைக் காற்றில் தூக்கினால் அதன் துளைகளில் காற்று அடைத்துச் செத்துப்போகும். பூப்போல விரியும் கடல் அனிமோனைப் பாறையிலிருந்து உரிக்கவில்லை, பாறையோடு கொண்டுபோனோம். அடிப்பாதம் கிழிந்தால் அது பிழைப்பது அரிது. மீன்களைக் கடைசியில்தான் பிடித்தோம். பாறையெல்லாம் போனபின் ஒளிய இடமில்லை, வலையில் சுலபமாக வந்தன. கோமாளி மீன் ஜோடி முதல் ஆண்டு வாங்கியது, என் மகளின் திருமணத்தைவிட மூத்தது. அந்த இரண்டையும் வாளியில் பார்த்தபோது கை நடுங்கியது.

பிறகு இரண்டு வாரம் நாளுக்கு இருமுறை அம்மோனியா பார்த்தேன். மூன்றாம் நாள் 0.25 காட்டியது, நாற்பது லிட்டர் மாற்றினேன். ஐந்தாம் நாள் மீண்டும் பூச்சியம். விளக்கைப் பாதி வெளிச்சத்தில் வைத்து மெல்ல மெல்லக் கூட்டினேன். தோல் பவளம் எட்டு நாள் மூடியே கிடந்தது. ஒன்பதாம் நாள் காலை, நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது விரிந்தது.

இன்னொன்று. வீடு மாறும்போது சமாளிக்க முடியவில்லை என்று மீனையும் பவளத்தையும் கடலில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வளர்ப்பு உயிர்களை இயற்கையில் விடாதீர்கள் என்று தேசியப் பூங்காக் கழகம் பலமுறை சொல்லிவிட்டது. நம் கடலில் 250க்கு மேற்பட்ட கடினப் பவள வகைகள் உண்டு. ஒரு லட்சம் பவளங்களை வளர்த்து நடும் முயற்சியும் 2024 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த தொட்டி உயிரையும் அதன் நோயையும் அங்கே கொண்டு சேர்க்கக் கூடாது. வாங்கிய கடையிலேயே கேளுங்கள், பலர் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

ஆண்டிறுதி விடுமுறையில் நிறையப் பேர் சாவி வாங்கிப் புதுவீடு போவார்கள். அதற்குள், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், பாறையைக் கொதிக்க வைக்கக் கூடாது என்பதை மட்டுமாவது பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜூரோங் வெஸ்ட்